வில்லும் தந்தியும் – 11: கார்னகி அரங்கில் காலியான பெட்டி

1936 பிப்ரவரி 28. நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ப்ரோனிஸ்வாவ் ஹூபர்மன் வாசித்துக்கொண்டிருக்கிறார். போலந்து யூதர். வயது 53. ஐரோப்பாவின் எந்தப் பெரிய நகரத்தில் கச்சேரி அறிவித்தாலும் அரங்கை நிரப்பக்கூடிய பெயர்.

வெளியூர் போகும்போது அவரோடு போவது ஒரு இரட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு வயலின்கள் படுக்க இரண்டு பள்ளங்கள். ஒன்றில் குவார்னேரி, மற்றதில் ஸ்ட்ராடிவேரியஸ். இரண்டும் இத்தாலியின் கிரெமோனா ஊர்க்காரர்கள் செய்தவை. குவார்னேரி கொஞ்சம் கரடுமுரடாகப் பேசும். ஸ்ட்ராடிவேரியஸ் வெண்கலமும் தேனும் கலந்ததுபோல் ஒலிக்கும் என்பார்கள். அன்று மேடையில் அவர் தோளில் இருந்தது குவார்னேரி. ஸ்ட்ராடிவேரியஸ் பின்கட்டில், அவருடைய அறையில், பெட்டிக்குள் இருந்தது. கச்சேரி முடிவதற்குள் அந்தப் பள்ளமும் காலியாகிவிட்டது.

போலீஸ் வந்தது. பத்திரிகைகள் எழுதின. ஒன்றும் கிடைக்கவில்லை. காப்பீடு செய்திருந்த லண்டன் லாயிட்ஸ் 30,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. பணத்தை வாங்கிக்கொண்டால் பொருளின் மீது உரிமை போய்விடும். இனி அந்த வயலின் எங்கே அகப்பட்டாலும் அது லாயிட்ஸின் சொத்து.

இதே வயலின் அவரிடமிருந்து திருட்டுப்போனது இது முதல் தடவையும் அல்ல. 1919-இல் வியன்னாவில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் திருடன் அவசரக்காரன். உடனே விற்கப் பார்த்து மாட்டிக்கொண்டான், சில நாட்களில் வயலின் திரும்பி வந்தது. நியூயார்க்கில் எடுத்தவனுக்கோ பொறுமை இருந்தது. எவ்வளவு பொறுமை என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஹூபர்மன் பெயரைச் சொன்னாலே இந்தக் களவுக் கதைதான் முந்திக்கொண்டு வருகிறது. கதை அப்படி, யாரைக் குறை சொல்வது? ஆனால் அந்த ஆண்டு அவருக்கு வயலினைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார். வேலை பறிபோன, வீதியில் நிற்கிற, ஆனால் உயர்தரமாக வாசிக்கத் தெரிந்த சுமார் எழுபது வாத்தியக்காரர்கள் வேண்டியிருந்தது. அதற்குப் பணம் சேர்க்கும் வேலையும் அந்த அமெரிக்கப் பயணத்தில் சேர்ந்திருந்தது.

அதற்கு முன் பையனைப் பார்த்துவிட்டு வருவோம்.

1882 டிசம்பர் 19-ஆம் தேதி சென்ஸ்டொஹோவாவில் பிறந்தார். கருநிற மாதாவின் திருவுருவத்துக்குப் பேர்போன ஊர். அப்போது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் இல்லை. ஊர் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. தகப்பனார் சட்டத் துறையில் சிறிய வேலை பார்த்தவர், முன்கோபி. பிள்ளைக்கு வித்தை இருக்கிறது என்று தெரிந்ததும் வீடே அந்தப் பிள்ளையின் வில்லை நம்பி நின்றது. வார்சாவில் மிகாவோவிச்சிடமும் இசிடோர் லோட்டோவிடமும் பாடம். 1892-இல், பத்து வயதுகூட நிரம்பாதபோது, அப்பா பையனை பெர்லினுக்கு அழைத்துப் போய் வயலின் மேதை யோவாகிம் முன்னால் நிறுத்தினார்.

சென்ற இதழ்களில் யோவாகிமின் கண்டிப்பைப் பார்த்தோம். குழந்தை மேதைகள் என்று கொண்டுவந்து நிறுத்தப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்கு அலுப்பு. இந்தப் பையன் வாசித்ததும் அலுப்பு கலைந்தது. மெச்சினார், கையெழுத்திட்டுப் பரிந்துரைத்தார். ஆனால் தானே உட்கார்ந்து பாடம் சொல்லவில்லை; உதவியாளர் மார்க்கீஸிடம் ஒப்படைத்துவிட்டார். சில மாதங்களில் பெர்லின் வாசம் முடிந்தது. பிறகு பிராங்ஃபர்ட்டில் ஹீர்மன், பாரிஸில் மார்சிக் என்று கொஞ்சம் கொஞ்சம். பன்னிரண்டு வயதுக்கு மேல் அவருக்குச் சொல்லும்படியான குரு இல்லை. இது அவருடைய வாசிப்பில் கடைசிவரை தெரிந்தது. நல்லதாகவும் தெரிந்தது, கெட்டதாகவும் தெரிந்தது.

அந்தக் காலத்துப் பாட்டு உலகின் மகாராணி அடெலினா பட்டி. தம் பிரியாவிடைக் கச்சேரியில் வாசிக்கப் பையனை லண்டனுக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு, 1895-இல், வியன்னாவிலும் இருவரும் ஒரே மேடையில் வந்தார்கள். மறுநாள் ஊரில் பேச்சு பட்டியைப் பற்றி இல்லை.

அதற்கடுத்த ஜனவரியில்தான் அந்த மாலை வந்தது. 1896, வியன்னா. பதின்மூன்று வயது ஹூபர்மன், இசையமைப்பாளர் பிராம்ஸ் தனி வயலினுக்கும் வாத்தியக் கூட்டத்துக்குமாக எழுதிய வயலின் கான்செர்ட்டோவை வாசிக்கப்போகிறான் என்று அறிவிப்பு. பிராம்ஸ் அதே ஊரில்தான் இருக்கிறார். 1879 புத்தாண்டு நாளில் லைப்ஸிக்கில் யோவாகிம் முதன்முதலாக வாசித்த படைப்பு அது. பெரியவர்களுக்கே கை வலிக்கும். இது வயலினுக்காக எழுதியதா, வயலினுக்கு எதிராக எழுதியதா என்று அந்தக் காலத்தில் கேலி பேசினார்கள். அதைப் போய் அரைக்கால் சட்டை வயதில் ஒரு பையன் தொடுவதா? பிராம்ஸ் சிடுசிடுப்போடுதான் வந்து உட்கார்ந்தார்.

நடந்ததை பிராம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மாக்ஸ் கால்பெக் பதிவுசெய்திருக்கிறார். வயலின் உள்ளே நுழைந்த சில நொடிகளில் கிழவரின் முகம் மாறியது. இரண்டாம் பகுதியில், அந்த மெதுவான அடாஜியோவில், கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் பின்கட்டுக்குப் போய்ப் பையனைக் கட்டிக்கொண்டார்.

பையன் சந்தோஷப்படவில்லை, அவனுக்கு ஒரு மனத்தாங்கல். முதல் பகுதியின் இறுதியில் கடென்ஸா என்று ஒன்று வரும். வாத்தியக் கூட்டம் முழுக்க அடங்கிவிடும், தனி வயலின் மட்டும் தன் வல்லமையைக் காட்டும். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அது முடிகிற இடத்தில் வாத்தியக் கூட்டம் மிக மெல்லிய ஒலியில் திரும்ப வரும். முழுப் படைப்பிலும் அழகான இடங்களில் அது ஒன்று. அன்று சபை பொறுக்க முடியாமல் கடென்ஸா முடிந்தவுடனே கைதட்டிவிட்டது. அந்த மெல்லிய இடம் இரைச்சலில் அமுங்கிப்போனது. இதைத்தான் பையன் முறையிட்டான். நீ அவ்வளவு அழகாக வாசித்திருக்கக்கூடாது என்று பிராம்ஸ் சமாதானம் சொன்னாராம். பதின்மூன்று வயதில், கைதட்டல் கிடைத்ததற்காக வருத்தப்பட்ட பையன்! பாராட்டை விட இந்தப் புகார்தான் அவனைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

பிராம்ஸ் தம் படத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவனுக்காக ஒன்று எழுதித் தருவதாகவும் பேச்சு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார்.

குழந்தை மேதைகளில் பாதிப்பேர் மீசை முளைத்ததும் காணாமல் போய்விடுவார்கள். ஹூபர்மன் போகவில்லை. ஆனால் அவர் வளர்ந்து நின்ற காலத்தில் ரசனை மாறிவிட்டது. 1917-இல் ஹைஃபெட்ஸ் என்ற பதினாறு வயது ரஷ்யப் பையன் கார்னகியில் அரங்கேறிய பிறகு, சுத்தம் என்பதற்கே வேறு அளவுகோல் வந்தது. ஒரு சுரம் பிசகக்கூடாது, வில் கீறக்கூடாது. ஹூபர்மனின் வில் கீறும். வேண்டுமென்றே கீறும். கிசுகிசுப்பில் தொடங்கி, அடுத்த வரியில் கத்துவார்; ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்துக்கொண்டு போவார்; தாளத்தை இழுத்து நிறுத்தி, பிறகு விரட்டிக்கொண்டு ஓடுவார். வயலின் ஆசிரியர்களில் பெரியவரான கார்ல் ஃபிளெஷ் தம் நினைவுக் குறிப்புகளில் இவரைக் கடுமையாகவே எடை போட்டார். தன்போக்கு அதிகம், பள்ளி குறைவு என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பென்று சொல்ல மாட்டேன். பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால் ஃபிளெஷ் எதைச் சொல்கிறார் என்று காதுக்கே புரியும். 1920-களின் இறுதியில் பெர்லினில் ஸ்டைன்பர்க் வாத்தியக் கூட்டத்தை நடத்த, ஹூபர்மன் பதிவுசெய்த சைகோவ்ஸ்கி கான்செர்ட்டோ இருக்கிறது. முதல் தடவை கேட்கிறவர் நெற்றியைச் சுருக்குவார். ஆனால் கடைசிப் பகுதியில் அவர் பிடிக்கிற வேகத்தில் ஒரு வெறி இருக்கிறது. சுத்தக்காரர்கள் யாருக்கும் அது வரவில்லை. 1934-இல் ஜார்ஜ் ஸெல்லும் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கும் சேர்ந்து பதிவுசெய்த பெத்தோவன் கான்செர்ட்டோ வேறு ரகம். அதில் இதே மனிதர் எவ்வளவு அடக்கி வாசிக்க முடியும் என்பதைக் கேட்கலாம்.

வாழ்க்கையின் மற்ற பகுதிகளிலும் தன்போக்குதான். 1910-இல் எல்ஸா காலஃப்ரே என்ற நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகன் பிறந்தான், மணவாழ்க்கை நிலைக்கவில்லை. அந்த அம்மையார் பிற்பாடு ஹங்கேரிய இசையமைப்பாளர் டோனானியை மணந்தார். முதல் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்கா போன ஹூபர்மன், அங்கே சாதாரணத் தொழிலாளி ஐரோப்பியத் தொழிலாளியைவிட வசதியாக வாழ்வதைப் பார்த்தார். உள்ளே சுங்க எல்லைகள் இல்லாத பெரிய நாடு. அதுதான் காரணம் என்று முடிவுகட்டினார். ஊர் திரும்பி, நாற்பது வயதுக்காரர், கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் போய்ப் பாடம் கேட்டார். ஐரோப்பா முழுவதும் ஒரே கூட்டமைப்பாக வேண்டும் என்று கூடன்ஹோவ்-கலெர்கி நடத்திய இயக்கத்தில் சேர்ந்து மேடை மேடையாகப் பேசினார். அதைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதினார். வயலின்காரருக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தவர்கள் இருந்தார்கள்.

சிரிப்பு 1933-இல் அடங்கியது.

ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதிச் சட்டம் அரசுப் பணியிலிருந்து யூதர்களை வெளியேற்றியது. ஜெர்மனியில் ஓபரா அரங்குகளும் வாத்தியக் கூட்டங்களும் பெரும்பாலும் நகராட்சியோ மாநிலமோ நடத்தியவை. ஆகவே முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயலின்காரர் முதல் கடைசி வரிசைக் கொம்பு ஊதுகிறவர் வரை, யூதராக இருந்தால் வேலை போனது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய ஃபுர்ட்வெங்லர் இதைக் கொஞ்சமாவது சரிக்கட்டப் பார்த்தார். அடுத்த பருவத்துக்கு ஹூபர்மன் உட்படச் சில பெரிய யூதக் கலைஞர்களை அழைத்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் அழைத்தார் என்றே தோன்றுகிறது. அழைப்பு ஒருபுறமிருக்க, அதே அரங்கின் பின்வரிசையில் இருந்த சாமானிய யூத வாத்தியக்காரனின் கதி என்ன?

பலரும் மறுத்தார்கள். ஹூபர்மன் மறுத்ததோடு நிற்காமல் கடிதத்தைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு கான்செர்ட்டோவை யார் வாசிப்பது என்பதோ யூதர்களின் பிரச்சினை மட்டுமோ இல்லை இது, ஐரோப்பியப் பண்பாடு நிற்கிற அஸ்திவாரமே இது என்பது அதன் சாரம். 1936 மார்ச்சில் இன்னொரு பகிரங்கக் கடிதம், இந்தத் தடவை ஜெர்மானிய அறிவாளிகளுக்கு: குற்றம் செய்கிறவர்களைவிட, பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்கிற உங்களைத்தான் கேட்கிறேன் என்ற தொனியில். ஸ்ட்ராடிவேரியஸ் களவுபோய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இதற்கிடையில் அந்த எழுபது பேர். 1929 முதல் பாலஸ்தீனத்துக்குப் போய் வாசித்துக்கொண்டிருந்தார் ஹூபர்மன். டிராக்டர் ஓட்டுகிறவரும் கொத்தனாரும் பெத்தோவனைக் கேட்க வந்து நிற்பது அவரை உலுக்கிவிட்டிருந்தது. அங்கே நல்ல வாத்தியக் கூட்டம் கிடையாது. ஜெர்மனியிலோ முதல்தர வாத்தியக்காரர்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் என்ன? யோசனை சொல்வது சுலபம். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ்கள் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். மனைவி, பிள்ளை, சில சமயம் பெற்றோர் என்று ஆள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வைஸ்மன் போன்ற சியோனியத் தலைவர்கள் வழியாக அதிகாரிகளை நெருக்கிக்கொண்டே இருந்தார்.

தேர்வு வியன்னா, வார்சா, புடாபெஸ்ட் என்று ஊர் ஊராக நடந்தது. சைகோவ்ஸ்கி இசைத்தட்டில் உடனிருந்த அதே ஸ்டைன்பர்க், பிராங்ஃபர்ட் ஓபராவிலிருந்து துரத்தப்பட்டவர், பயிற்சி கொடுக்க வந்தார். புடாபெஸ்டிலிருந்து லோராண்ட் ஃபென்யவெஷ் என்ற பதினெட்டு வயது வயலின்காரன் வந்தான். அவனுக்கு முதல் நாற்காலி வரிசை. தகுதி இருந்தால் வயது பார்க்கவில்லை ஹூபர்மன். தகுதி இல்லையென்றால் எதையும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. பரிதாபத்துக்காக ஆள் சேர்த்தால் அது வாத்தியக் கூட்டமாக இருக்காது, அனாதை விடுதியாகிவிடும் என்பது அவர் கட்சி. கலைஞனாக அது நியாயம். ஆனால் அன்று ஓர் அறையில் பத்து நிமிடம் வாசித்துக்காட்டி, தேறாமல், வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்களும் இருந்தார்கள். 1936-இல் அது ஒரு வேலை கிடைக்காத ஏமாற்றம், அவ்வளவுதான். ஆறு வருஷம் கழித்து அந்த வீடுகளுக்கு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். தேர்வுசெய்தவருக்கும் தேறாதவருக்கும் அப்போது தெரியாது. வாத்தியக்காரர்களும் குடும்பங்களுமாகச் சுமார் ஆயிரம் பேர் இந்த முயற்சியால் உயிர் தப்பினார்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1936 ஏப்ரலில் பாலஸ்தீனத்தில் அரபு மக்களின் எழுச்சி வெடித்தது. காலங்காலமாக அங்கே இருந்தவர்களுக்கு, கப்பல் கப்பலாக வந்து இறங்குகிற குடியேற்றமே பிரச்சினை. வயலினோடு இறங்கினாலும் மண்வெட்டியோடு இறங்கினாலும் அவர்கள் கண்ணுக்கு அது குடியேற்றம்தான். வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடுமாக அந்த வருஷம் ஓடியது. அக்டோபரில் திட்டமிட்ட முதல் கச்சேரி டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

நடத்த ஒத்துக்கொண்டவர் டொஸ்கனினி. உலகத்தில் அவருக்கு மேல் அப்போது ஆள் கிடையாது. பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க மறுத்ததற்காக 1931-இல் பொலோஞாவில் அறை வாங்கியவர். 1933-இல் ஹிட்லரின் பிரியமான பைரோய்ட் விழாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னவர். ஹூபர்மன் கேட்டதும் சரி என்றார். சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் வேண்டாம் என்றார். அந்தப் பெயர் கிடைத்ததும் நிதியும் திறந்துகொண்டது. நியூயார்க்கில் நடந்த நிதி விருந்துக்கு ஐன்ஸ்டீன் முன்னின்றார். அவரும் வயலின் வாசிக்கிறவர்தான். எப்படி வாசிப்பார் என்று கேட்காதீர்கள்.

1936 டிசம்பர் 26, டெல் அவிவ். லெவன்ட் பொருட்காட்சி மைதானத்தில் இத்தாலியக் கூடாரமாக இருந்த கட்டடத்தை அரங்கமாக மாற்றியிருந்தார்கள். ரோசினி, பிராம்ஸின் இரண்டாம் சிம்பனி, ஷூபர்ட், மெண்டல்ஸோன், வேபர். மெண்டல்ஸோன் பெயர் சும்மா வந்ததல்ல. ஆறு வாரம் முன்பு, நவம்பர் 9 இரவில், லைப்ஸிக் கச்சேரி அரங்கின் வாசலில் நின்ற, யூதக் குடும்பத்தில் பிறந்த மெண்டல்ஸோனின் சிலையை நாஜி நகராட்சி பெயர்த்து எடுத்திருந்தது. பிராம்ஸ் பெயரை நிகழ்ச்சி நிரலில் பார்த்தபோது அந்தப் பதின்மூன்று வயதுப் பையனுக்கு என்ன தோன்றியிருக்கும்? தனி வயலின் அன்று நிகழ்ச்சியில் இல்லை. அந்தக் கூட்டத்தை உருவாக்கியவர் வாசிக்காமல் உட்கார்ந்து கேட்டார்.

பத்து மாதம் கழித்து விழுந்த அடி கையில். 1937 அக்டோபரில், இன்று இந்தோனேசியா என்கிற அன்றைய டச்சுத் தீவுகளில் சுற்றுப்பயணம். சுமத்ராவில் பலெம்பாங்கில் விமானம் விழுந்து நொறுங்கியது. உடன் வந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. ஹூபர்மன் பிழைத்தார், இடது மணிக்கட்டும் இரண்டு விரல்களும் முறிந்துபோயின.

வில் பிடிக்கிற வலது கை முறிந்தாலே கஷ்டம். இடது கை இன்னும் மோசம். வயலினில் சுரத்துக்குக் கட்டை கிடையாது, விரல் விழுகிற இடம்தான் சுரம். மயிரிழை தள்ளினால் அபசுரம். தாடைக்கும் தோளுக்கும் நடுவே வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பி வைத்து, நான்கு விரல்களும் தந்தி மேல் சுத்தியல்போல் விழவேண்டும். விரலை அசைத்துக் கமகம்போல் நடுங்க வைப்பதும் அந்த மணிக்கட்டின் வேலை. ஒட்டிய எலும்பு ஒரு நூல் கோணலாக ஒட்டினாலும் நாற்பத்தைந்து வருஷ அப்பியாசம் வீண். இனி வாசிப்பது சந்தேகம் என்று பேசினார்கள். அவர் குழந்தைப் பாடத்திலிருந்து தொடங்கினார். காலிச் சுரம், ஒற்றை விரல், மெதுவான சுரவரிசை. 1938-இல் மேடைக்குத் திரும்பிவிட்டார்.

போர் ஆண்டுகள் அமெரிக்காவில் கழிந்தன. 1944-இல் ரோட்ஸின்ஸ்கி நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்த பிராம்ஸ் கான்செர்ட்டோ வானொலிப் பதிவாக மிஞ்சியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய, முறிந்து ஒட்டிய கை. சில இடங்களில் சுரம் வழுக்குகிறது. அடாஜியோவில் வழுக்கவில்லை. போர் முடிந்ததும் ஐரோப்பா திரும்பினார். 1947 ஜூன் 16-ஆம் தேதி சுவிட்ஸர்லாந்தில் வேவே அருகே காலமானார். அடுத்த ஆண்டு இஸ்ரேல் உருவானபின் அவருடைய பாலஸ்தீன வாத்தியக் கூட்டம் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் ஆனது. டெல் அவிவில் அதன் அரங்கம் நிற்கிற தெருவுக்கு அவர் பெயர்.

சரி, களவுபோன வயலின் எங்கே?

பக்கத்துக் கட்டடத்தில். கார்னகி அரங்கை ஒட்டி ரஷ்யக் கரடி என்று பெயர் கொண்ட உணவகம் இருந்தது. அங்கே மேஜை மேஜையாகப் போய் வயலின் வாசித்த இருபது வயது இளைஞன் ஜூலியன் ஆல்ட்மன். அவன் சொன்ன கதை இரண்டு விதமாக இருக்கிறது. நண்பன் ஒருவன் திருடியதை நூறு டாலருக்கு வாங்கினேன் என்பது ஒன்று. காவலாளிக்குச் சுருட்டு கொடுத்துப் பழக்கம்பிடித்து, தானே மேலங்கிக்குள் மறைத்து எடுத்துப் போனான் என்பது மற்றொன்று. எப்படியானாலும், வாத்தியத்தை அடையாளம் தெரியாமல் ஆக்க அவன் செய்த காரியத்தைக் கேட்டால் வயிறு எரியும். ஸ்ட்ராடிவரி கைப்படப் பூசிய வார்னிஷின் மேல் ஷூ பாலிஷ் தடவினான்.

அதை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் வாசித்தான். இரவு விடுதிகளில், கல்யாண விருந்துகளில், சில பருவங்கள் வாஷிங்டன் நேஷனல் சிம்பனியிலும்கூட. பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கறுத்து அழுக்கேறிய ஒரு பழைய பிடில், அவ்வளவுதான். 1985-இல் வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் நோயாளியாகக் கிடந்தபோது மனைவியிடம் சொன்னான்: பெட்டியின் உறைக்குள் பார். உறைக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய பத்திரிகைத் துண்டுகள்; எல்லாம் 1936 களவுச் செய்திகள். அவன் இறந்தபின் வயலின் லாயிட்ஸுக்குப் போனது. கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு அந்த அம்மாளுக்குக் கிடைத்த சன்மானம் 2,63,000 டாலருக்கு மேல். லண்டனில் சார்ல்ஸ் பேர் பட்டறையில் மாதக்கணக்கில் அந்தப் பாலிஷைச் சுரண்டி எடுத்தார்கள். உள்ளே சிவந்த வார்னிஷ் இருந்தது.

1988-இல் அதை 12 லட்சம் டாலருக்கு வாங்கியவர் நார்பர்ட் பிரைனின். அவரிடமிருந்து கைமாறி, 2001-இல் அமெரிக்க வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லிடம் வந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கச்சேரி. தந்தி வாங்குவதற்காக அதே சார்ல்ஸ் பேரின் கடைக்குப் போனார். இந்த வயலின் ஒரு ஜெர்மானியப் பணக்காரரின் சேகரிப்புக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டார். தம்மிடமிருந்த ஸ்ட்ராடிவேரியஸை விற்று, கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்து இதை வாங்கினார். கச்சேரிக்கும் அதையே எடுத்துப்போய் வாசித்தார். 2007 ஜனவரியில் வாஷிங்டன் மெட்ரோ நிலைய வாசலில், தொப்பியும் சாதாரண உடுப்புமாக அவர் 43 நிமிடம் வாசித்தும், கடந்துபோன 1,097 பேரில் நின்று கேட்டவர்கள் கைவிரல்களில் அடங்கினார்களே, நினைவிருக்கிறதா? அந்தச் செய்தியில் வந்த வயலின் இதுதான். மெட்ரோ வாசலில் விழுந்த காசு 32 டாலர் சொச்சம். உணவக மேஜைகளில் ஆல்ட்மனுக்குச் சில இரவுகளில் இதைவிட அதிகம் கிடைத்திருக்கலாம்.

பெல் அந்த வயலினை சென்ஸ்டொஹோவாவுக்கும் எடுத்துப்போனார். ஊரின் இசை அரங்கம், யூதர்களின் புதிய ஜெபக்கூடம் இருந்த இடத்தில் நிற்கிறது. 1939 கிறிஸ்துமஸ் நாளில் ஜெர்மானியர்கள் அந்த ஜெபக்கூடத்தை எரித்துவிட்டார்கள். இப்போது அரங்கத்துக்கு ஹூபர்மன் பெயர் வைத்திருக்கிறார்கள். பெல் அங்கே வாசித்தது பிராம்ஸ் கான்செர்ட்டோ.

நடுவில் பதின்மூன்று வருஷம் இந்த வயலினை வைத்திருந்த பிரைனினை ஒரு வரியில் தாண்டிவிட்டேன். வியன்னாவில் பிறந்த யூதப் பையன். இங்கிலாந்துக்குத் தப்பி ஓடியவனை எதிரி நாட்டான் என்று பிரிட்டிஷ்காரர்கள் முகாமில் அடைத்தார்கள். முகாம்களில் சந்தித்த இன்னும் இரண்டு வியன்னாப் பையன்களோடும் ஓர் ஆங்கிலேயச் செல்லோக்காரரோடும் அவர் தொடங்கிய நால்வர் குழு நாற்பது வருஷம் ஆள் மாறாமல் வாசித்தது. அமேடியஸ் நால்வரின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)